வாயையும் ஒருமுறை பாருங்கள்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், எலும்புத் தேய்மானம், மன அழுத்தம் என்று நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் உங்களுக்கு ஒரு பல் மருத்துவர் எழுதும் மடல் இது. நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எதிரே உட்காரும் நோயாளியை ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தொண்டையைப் பார்க்க டார்ச் அடிக்கிறீர்கள் அல்லவா, அதே வெளிச்சத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்து ஈறுகளின் மேல் காட்டுங்கள். அரை நிமிடம் போதும்.

இதை உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் ஆட்கள் வலி வந்த பிறகுதான் வருகிறார்கள். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம், காலையில் வாயில் ஒரு நாற்றம், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அப்படியே போகும். பல் ஆடத் தொடங்கிய பிறகு எங்களைத் தேடி வரும்போது, பல்லைத் தாங்கும் எலும்பில் பாதி கரைந்திருக்கும். உங்களிடம் அப்படியில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ தவறாமல் வருகிறார்கள். பல்லைக் காப்பாற்ற முடிகிற காலம் முழுவதும் அவர்கள் இருப்பது உங்கள் அறையில்தான்.

உடம்பு உங்களுக்கு, பல் எங்களுக்கு என்று பங்கு பிரிந்தது பழைய கதை. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கென்று உலகின் முதல் கல்லூரி தனியாகத் தொடங்கியது. அன்றிலிருந்து தனிப் படிப்பு, தனிப் பட்டம், தனி மருத்துவமனை. காப்பீட்டிலும் பல இடங்களில் பல் தனிதான். இதில் எங்கள் தொழில் வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் ரத்தம் ஈறு வரை வந்து அங்கே நின்றுவிடுவதில்லை. நீங்கள் எழுதும் மாத்திரை உமிழ்நீரை மாற்றுகிறது. நாங்கள் கவனிக்காமல் விட்ட ஈறு உங்கள் சர்க்கரைக் கணக்கை மாற்றுகிறது. இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பார்க்கிறோம்.

ஈறில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கல்லூரியோடு மறந்துபோகிற பகுதி. பல்லின் கழுத்தை ஒட்டி நாள்தோறும் கிருமிகளின் மெல்லிய படலம் சேர்கிறது. துலக்கி எடுக்காவிட்டால் அது கெட்டியாகிக் காரையாகிறது. 1965இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் நோய் முழுக்கத் திரும்பக்கூடியது. இதைத் தாண்டி எலும்பைத் தொட்டுவிட்டால், இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. மேலும் போகாமல் நிறுத்தத்தான் முடியும்.

ஆனால் ஒரே அளவு அழுக்கு இருக்கும் இரண்டு வாய்களில் ஒன்றில் எலும்பு அப்படியே இருக்கும், இன்னொன்றில் வேகமாகக் கரையும். அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உடம்பும் பழக்கமும் தீர்மானிக்கின்றன. அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

முதலில் சர்க்கரை நோய். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கையில் கனமான கோப்போடு வந்தார். கண் பரிசோதனை, பாதப் பரிசோதனை, சிறுநீரகச் சோதனை, இதய எக்கோ எல்லாம் தேதி வாரியாக அதில் இருந்தன. நல்ல மருத்துவர் ஒருவரின் கையில் இருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. வாயைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எங்களிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கினால் நல்ல வாயில் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அவருக்குக் கீழ்க் கடைவாயில் 7, பக்கத்தில் 8, மேலே 6 என்று இறங்கிக்கொண்டே போனது. கம்பியை எடுத்தவுடன் பின்னாலேயே ரத்தமும் சீழும். "வலிக்கிறதா?" என்றால், "இல்லையே டாக்டர்" என்கிறார். அவருடைய ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி, 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஏன் இறங்கவில்லை என்று அவருக்கும் புரியவில்லை.

வாய் முழுக்க ஈறு நோய் இருக்கும் ஒருவரின் ஈறுப் பைகளின் உட்பரப்பை விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய புண் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் சீழோடு இருந்தால் அன்றைக்கே கட்டுப்போட்டு, மருந்து தொடங்கி, மறுநாள் வரச் சொல்வீர்கள். அதே புண் ஈறுக்குள் ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அதிலிருந்து அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன, இன்சுலின் வேலை செய்வது கடினமாகிறது. மறுபக்கம், கூடுதல் சர்க்கரை வெள்ளை அணுக்களின் வேலையைக் கெடுக்கிறது, ஈறைத் தாங்கும் கொலாஜன் புரதத்தைப் பழுதாக்குகிறது, நுண்குழாய்களைத் தடிக்க வைக்கிறது. ஆறவேண்டிய ஈறு ஆறுவதில்லை. இரண்டு நோயும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன.

ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று லோ 1993இலேயே எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண் ஆகிய ஐந்தையும் நீங்கள் விடாமல் தேடுகிறீர்கள். ஆறாவதை யாரும் தேடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இன்னொன்று: ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2022இல் சொன்னது. மாத்திரைக்குப் பதிலாக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மருந்தைக் கூட்டாமலே கிடைக்கிற குறைவு அது. அதை ஏன் விடவேண்டும்?

எங்கள் பக்கத்தில் இதற்கு இடம் கொடுத்தாகிவிட்டது. 2018இல் வெளியான புதிய வகைப்பாட்டில், ஈறு நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தரம் பிரிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்கிறோம். எச்.பி.ஏ.1.சி 7ஐத் தொடுகிறதா, நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிக்கிறாரா? இதில் ஏதாவது ஒன்று ஆம் என்றாலும் நோயை வேகமான வகையில் சேர்க்கிறோம். ஆக, நாங்கள் நோயைத் தரம் பிரிக்கவே உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டும்.

சிகரெட் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஈறில் ரத்தம் வருகிறதா?" என்ற கேள்வி புகைப்பவரிடம் பலிக்காது. நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு வெளிறி, இறுகி, பார்க்க நன்றாகவே இருக்கும். ரத்தமும் பெரும்பாலும் வராது. அவரும் தன் வாய் ஆரோக்கியமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். அவரிடம் வேறு மாதிரி கேட்க வேண்டும். முன்பல் இடைவெளி பெரிதாகியிருக்கிறதா, பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறதா, கடிக்கும்போது ஏதாவது பல் அசைகிறதா? அப்புறம், அவர் உங்கள் பேச்சைக் கேட்டுச் சிகரெட்டை விட்டுவிட்டார் என்றால், அடுத்த சில வாரங்களில் ஈறில் ரத்தம் வரத் தொடங்கலாம். விட்டதால்தான் கெட்டுப்போச்சு என்று பயந்து மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். ரத்த ஓட்டம் திரும்புகிறது, அடங்கியிருந்த அழற்சி வெளியே தெரிகிறது, இது நல்லதுக்குத்தான் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாயில் அடக்கி வைக்கும் புகையிலை வேறு மாதிரி கெடுக்கும். அடக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும். அங்கே துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் தாமதிக்காமல் அனுப்புங்கள், புற்றுநோயாக மாறக்கூடியது அது.

இனி உமிழ்நீர். ஈறைவிட இதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச நினைக்கிறேன், ஏனென்றால் இது நேராக மருந்துச் சீட்டில் தொடங்குகிறது. ஒருநாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அமிலத்தைச் சமன் செய்வதும், கரைந்த கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்குவது பி.எச். 5.5 அளவில் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் அதற்கு முன்பே, 6க்குச் சற்று மேலே இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும். வயதானவர்களுக்கு ஈறு இறங்கியிருக்கும். அவர்களுக்குத்தான் மாத்திரைகளும் அதிகம். ஒவ்வாமைக்கான ஆன்டிஹிஸ்டமின், அமிட்ரிப்டிலின் போன்ற மனநல மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் ஆக்சிபியூட்டினின், நீர் பிரிய வைக்கும் மாத்திரை என்று வாயை உலர வைக்கும் மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று மட்டும் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். மூன்று நான்கு சேரும்போதுதான் சிக்கல்.

இப்படி நான்கு மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா வந்திருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு சொத்தைகூட இல்லை. இப்போது கீழ்ப் பற்களின் கழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், தொட்டால் தோல் மாதிரி மெத்தென்று இருக்கிறது. இரண்டு பல் ஈறோடு ஒடிந்துவிட்டது. பல் பார்க்க வாய்க்குள் விடும் என் சிறு கண்ணாடி அவர் கன்னத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு உலர்ந்த வாய். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை, சாதாரணச் சாப்பாடுதான். பேசிக்கொண்டே இருந்தபோது பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டார். நாக்கு ஒட்டுகிறது என்பதற்காக நாள் முழுக்கச் சப்பிக்கொண்டே இருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாய் உலரும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. வந்த கஷ்டத்துக்குத் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொண்டார்.

சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் உருவாகிறது. அது தணிய அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் நல்ல உமிழ்நீர் இருந்தால். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இரவு வேலை பார்ப்பவர்கள் தூக்கத்தை விரட்ட இனிப்பான பானத்தை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது இதனால்தான் இவ்வளவு கெடுதல். சர்க்கரை திடீரென்று இறங்கினால் இனிப்பு சாப்பிடத்தான் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. நிலைமை சரியானதும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், போதும். குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் இனிப்பு சிரப் எழுதும்போது, பல் துலக்கிய பிறகு படுக்கையில் வைத்துக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதும்போது, "இது வாயை உலர வைக்கும், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், மிட்டாய் வேண்டாம், வேண்டுமானால் சர்க்கரை இல்லாத சூயிங்கம்" என்று சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். 5000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5000 பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையை நாங்கள் எழுதித் தருவோம், வேரில் விழும் சொத்தையை அது நன்றாகத் தடுக்கிறது. சாதாரண ஃபுளோரைடு பற்பசையையே உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதற்கெல்லாம் மேலாக, உலர வைக்கும் நான்கில் ஒன்றைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று பார்க்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. எங்களால் அதைத் தொடவும் முடியாது, தொடவும் கூடாது.

வேறு சில மருந்துகள் ஈறையே வளர வைக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயினால் ஈறு தடித்துப் பல்லை மூடுவது 1939லேயே பதிவானது. மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபினும் இதையே செய்கின்றன, இவற்றைவிடக் குறைவாக அம்லோடிபினும். இந்த மாத்திரை சாப்பிடுபவரின் முன்பல் இடுக்குகளில் ஈறு உருண்டையாகத் திரண்டிருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும். நாங்கள் வெட்டிச் சரிசெய்தாலும், மருந்து அப்படியே தொடர்ந்தால் பலருக்குத் திரும்ப வளர்கிறது. மாற்று மருந்துக்கு வழியிருந்தால் பரிசீலியுங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மேல் முன்பல்லின் உட்பக்கம் தேயும், வெளியே ஒன்றுமே தெரியாது. வாந்தியோ புளித்த ஏப்பமோ வந்தவுடன் பல் துலக்கக் கூடாது, அமிலத்தில் மென்மையான எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் இதையே சொல்லுங்கள். அவர்கள் ஈறு வீங்கி ரத்தம் வந்தால் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். பல் சுத்தம் செய்வது கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது. ஸ்டீராய்டு இன்ஹேலர் உபயோகிப்பவர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று வரும்.

இதயம் பற்றி நேர்மையாகவே எழுதுகிறேன். ஈறு நோய் இருப்பவர்களிடம் மாரடைப்பு கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. 2012இல் அமெரிக்க இதய சங்கமும் இதைத்தான் சொன்னது. பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று விளம்பரம் செய்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறு. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உட்சுவர்த் தொற்று வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் வேண்டும். இந்தத் தகவல் நோயாளியின் வாய்வழியாக மட்டும் வந்தால் பாதி தொலைந்துபோகிறது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதேபோல, பல் பிடுங்குவதற்காக ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேவையில்லை. ரத்தம் வந்தால் தையல் போட்டு, பஞ்சை அழுத்தி வைத்து எங்களால் நிறுத்திவிட முடியும். மூளையிலோ இதயத்திலோ ஒரு ரத்தக் கட்டி அடைத்தால் அதை யார் எடுப்பது?

எங்கள் பக்கமும் கடமை இருக்கிறது. காரணமில்லாமல் ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் வைக்கும் ஒருவரைச் சர்க்கரை பார்க்காமல் அனுப்பக் கூடாது. ஈறு திடீரென்று வீங்கி, நிற்காமல் ரத்தம் கசிந்தால் ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு உடனே ரத்த அணுக்களை எண்ணச் சொல்ல வேண்டும். சிகிச்சை நாற்காலியில் உட்காரும் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். பார்த்ததை உங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் செய்யாத பல் மருத்துவர்கள் நிறைய. அவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

உங்களிடம் இன்னொன்று. பல் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும், எனாமல் போய்விடும் என்று நோயாளிகள் பயப்படுகிறார்கள். காரையை எடுத்தால் வீங்கிய ஈறு சுருங்கும், அதுவரை காரை அடைத்துக்கொண்டிருந்த இடைவெளி வெளியே தெரியும், சில நாட்கள் கூசும். ஆட்டம் ஏற்கெனவே இருந்ததுதான். நாங்கள் சொன்னால் தொழிலுக்காகச் சொல்வதாக நினைப்பவர்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள். வயதானால் பல் போகத்தானே செய்யும் என்று மட்டும் தயவுசெய்து அவர்களிடம் சொல்லாதீர்கள். வயது பல்லைப் பிடுங்குவதில்லை. கவனிக்காத ஈறும், காய்ந்த வாயும், கட்டுப்படாத சர்க்கரையும், புகையிலையும்தான் பிடுங்குகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது, உங்கள் அறைக்கு வெளியே எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எங்கே தொடங்குவது என்று என்னைக் கேட்டால், தள்ளிப்போடவே முடியாத ஒன்றைச் சொல்வேன். எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகளைத் தொடங்குகிறீர்கள். தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துவிடுகிறது. 2003இலிருந்து இது தெரிந்த விஷயம். தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் ஆபத்து மிகக் குறைவு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் கணிசமாகக் கூடும். ஆபத்து குறைவாக இருப்பவர்களுக்கு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம், பல் பரிசோதனையை அதோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம். புற்றுநோயாளிகளை, அவசரமில்லாவிட்டால், முதல் ஊசிக்கு முன்பே எங்களிடம் அனுப்புங்கள். எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, எலும்பு ஆறுவதற்குச் சில வாரம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறோம். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு கொடுக்கப் போகிறவர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அனுப்பும் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கும் தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். எடுத்தது என்ன, எப்போது தொடங்கலாம் என்று அதே சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்புவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஒரு பல் மருத்துவர்